‘எனக்கு ஒன்றும் வேண்டாம்!’



சென்ற ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில், ரொறன்ரோ நகரிலே வாழும் என் தமக்கையாரின் பேர்த்தியிடமிருந்து எனக்கு ஒரு மடல் வந்தது. அவளுக்கு வயது பதினொன்று. கனடாவிலே பிறந்தவளாயினும் தமிழ்ப் பாடசாலைக்குச் சென்று எழுத்துப் பழகியவள். தாளிலே தன் கைப்பட எழுதி, அதைப் படம் பிடித்து என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தாள். “அன்புள்ள சின்ன அம்மம்மாவுக்கு” என்று தொடங்கிய அம்மடலில் சுகம் விசாரித்தது ஒரே ஒரு வரி. மிகுதி முழுவதும் ஒரு பட்டியல்.

நத்தார் விடுமுறைக்குத் தனக்கு விருப்பமானவை இவையென்று ஒன்று முதல் பத்து வரை இலக்கமிட்டு எழுதியிருந்தாள். முதலாவது, இருபத்துநான்கு நிறங்கள் கொண்ட வர்ணப் பெட்டி. இரண்டாவது, பனிக்கட்டியின்மேல் சறுக்கி விளையாடுவதற்குரிய சப்பாத்து. அதன் அளவையும் மறவாது குறித்திருந்தாள். ஒன்பதாவது, “சின்ன அம்மம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்த ஒரு குழப்படி பற்றிய கதை.” பத்தாவது, “ஒரு யானை (முடிந்தால் மட்டும்).” எல்லாவற்றுக்கும் கீழே, “நீங்களும் பத்து எழுதி அனுப்ப வேண்டும். இங்கே எல்லாரும் எழுதுகிறோம்” என்றொரு கட்டளை.

படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே சிறிது கோபமும் வந்தது என்பதை ஒளியாமற் கூறிவிடுகிறேன். “வாய் திறந்து இன்னது வேண்டுமென்று கேட்பதும் ஒரு வளர்ப்பா? நம் காலத்தில் இப்படிக் கேட்டிருந்தால் அம்மா என்ன செய்திருப்பார்!” என்று என் கணவரிடம் முறையிட்டேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையை உயர்த்தாமலே, “அவள் கேட்கவில்லை, சொல்கிறாள்” என்றார். கேட்பதற்கும் சொல்வதற்கும் என்ன வேறுபாடு இருக்கிறது என்று அப்பொழுது எனக்கு விளங்கவில்லை. அது விளங்குவதற்கு எனக்கு ஒரு மாதம் சென்றது. அந்த ஒரு மாதக் கதையையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

விருப்பப் பட்டியல் எழுதும் வழக்கம் மேனாடுகளிலே நெடுங்காலமாக வேரூன்றியது. பிரித்தானியாவிலே குழந்தைகள் தங்கள் விருப்பத்தை ஒரு தாளில் எழுதி அடுப்பின் கனலில் இட்டுவிடுவார்களாம். தாள் எரிந்து புகையாகிப் புகைபோக்கியின் வழியே மேலேறி, வடதுருவத்திலிருக்கும் நத்தார்த் தாத்தாவிடம் செய்தியைச் சேர்ப்பிக்கும் என்பது அக்குழந்தைகளின் நம்பிக்கை. அமெரிக்காவிலே தோமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் 1871ஆம் ஆண்டில் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ என்ற வார இதழுக்கு ஒரு சித்திரம் வரைந்தார். நத்தார்த் தாத்தா மேசையின் முன் அமர்ந்து தமக்கு வந்த கடிதங்களைப் பார்க்கிறார். அவரருகே இரண்டு குவியல்கள். ஒன்று நல்ல பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை. மற்றையது குழப்படிப் பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை. இரண்டாவது குவியலே மிக உயரமானது என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ!

பிற்காலத்தில் குழந்தைகள் தாங்களாகவே எழுதித் தபாலில் இடத் தொடங்கினர். விலாசமற்ற அக்கடிதங்களை என் செய்வதென்று தபாற் கந்தோர்கள் திகைத்தன. 1912ஆம் ஆண்டில் அமெரிக்கத் தபால் மா அதிபர் பிராங்க் ஹிச்கொக் அவர்கள், அக்கடிதங்களுக்குத் தபால் ஊழியரும் பொதுமக்களும் பதில் எழுதலாம் என்று அனுமதி வழங்கினார். வறிய வீட்டுக் குழந்தை எழுதிய கடிதத்தை முன்பின் அறியாத ஒருவர் எடுத்துச் சென்று, அதிற் கண்ட பொருளை வாங்கி அனுப்பும் வழக்கம் அவ்வாறு வளர்ந்தது. கனடாவிலே 1974ஆம் ஆண்டளவில் மொன்றியல் நகரத் தபால் ஊழியர் சிலர் தம் ஓய்வு நேரத்திற் பதில் எழுதத் தொடங்கினர். அதுவே வளர்ந்து நாடு தழுவிய பணியாயிற்று. நத்தார்த் தாத்தாவுக்கென்று அங்கே தபாற் குறியீடு ஒன்றும் உண்டு. அதன் எழுத்துகளையும் சுழியங்களையும் சேர்த்து வாசித்தால் ‘ஹோ ஹோ ஹோ’ என்று அவர் சிரிப்பது போலவே இருக்கும். பின்லாந்திலே வடதுருவ வட்டத்தின்மேல் அமைந்த ரொவானியமி என்னும் ஊரில் அவருக்கெனத் தனித் தபாற் கந்தோரே இருக்கிறது.

வணிகர்கள் இத்தகைய வாய்ப்பைக் கைவிடுவார்களா? சியர்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1933இல் நத்தாருக்கென்றே படங்கள் நிறைந்த தனி விலைப்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 1968இல் ‘விருப்பப் புத்தகம்’ என்ற பொருள்படும் பெயரையே அதற்குச் சூட்டியது. திருமணப் பரிசுகளுக்கும் அங்கே பட்டியல் உண்டு. சிக்காகோ நகரத்து மார்ஷல் ஃபீல்ட் அங்காடி 1924இல் அவ்வழக்கத்தைத் தொடக்கி வைத்தது. மணமகள் தனக்கு வேண்டிய பாத்திரம் பண்டங்களை அங்காடியிற் பதிந்து வைப்பாள். உற்றார் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து வாங்குவர். ஒரே வீட்டில் ஏழு சுவர்க்கடிகாரங்கள் வந்து குவியும் சங்கடத்தை நம்மவர் அறியாதவரல்லர்!

இவை சிறுவர்க்கும் மணமக்களுக்கும் உரியவை. டென்மார்க்கிலும் நோர்வேயிலும் சுவீடனிலும் வளர்ந்தோரும் முதியோருங்கூட மார்கழி மாதத்தில் விருப்பப் பட்டியல் எழுதிக் குடும்பத்தாரிடையே பகிர்ந்துகொள்வர். நோர்வேயில் உறவினர் உள்ள வீடுகளில் இதனை நீங்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடும். அங்கே பாட்டனார் ஒருவர் தமக்கு இன்ன நிறத்தில் ஒரு கம்பளிக் கழுத்துத்துணி வேண்டும் என்று எழுதினால் ஒருவரும் நகைப்பதில்லை. எழுதாவிட்டால்தான், “தாத்தா இன்னும் தரவில்லையே, நாங்கள் எதை வாங்குவது?” என்று முணுமுணுப்பார்கள்.

இவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது, ஆங்கிலம் பேசும் நாடுகளிலே நண்பர் குழாங்களுக்குள் நிலவும் ஒரு வழக்கமாகும். ஒருவரையொருவர் நேரிற் பாராது, எழுத்தின் மூலமாகவே பழகிய நண்பர்களும் அதிற் பங்குகொள்வர். என் தமக்கையாரின் வீட்டார் கைக்கொண்டதும் அதுவே. அதன் விதிகள் எளியன. ஒவ்வொருவரும் பத்து விருப்பங்களை எழுத வேண்டும். அவை சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்க வேண்டும். சில காசு செலவில்லாதனவாகவும் இருக்க வேண்டும். இன்னார் இன்னதைத் தர வேண்டுமென்று பெயர் குறித்தல் ஆகாது. தம் பட்டியலை எழுதியபின் மற்றவர் பட்டியல்களை வாசிக்க வேண்டும். அவற்றுள் ஏதேனும் ஒன்று தம்மால் இயலுமாயின், மனமும் இசையுமாயின், செய்யலாம். இயலாதாயின் பேசாதிருக்கலாம், குறையில்லை, கணக்குமில்லை. பெயர் சொல்லாமலே கொடுப்பாரும் உண்டு.

இவ்வளவும் அறிந்த பின்னரும் என் மனம் இசையவில்லை. ஆத்திசூடி படித்த நாள் முதலாகவே பிறரிடம் ஏற்பது தாழ்வு என்று நாம் கற்றிருக்கிறோம். மேலும், ‘பட்டியல்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் சமூகத்தில் சீதனப் பட்டியல்தானே நினைவுக்கு வருகிறது! அந்தத் தாளைக் கண்டு கலங்கிய தந்தையர் எத்தனை பேர்! இவற்றுக்கெல்லாம் மேலாக, என் உள்ளத்தில் மற்றொரு எண்ணமும் ஆழப் பதிந்திருந்தது. உண்மையான அன்புடையோர் சொல்லாமலே அறிந்துகொள்வர். சொல்லிப் பெற்றால் அன்பின் இனிமை எங்கே என்பதே அது.

அமெரிக்க எழுத்தாளர் ஓ ஹென்றி எழுதிய புகழ்பெற்ற சிறுகதை ஒன்று அவ்வெண்ணத்துக்கு அரண் செய்தது. 1905ஆம் ஆண்டு மார்கழி 10ஆம் திகதி, நியூயோர்க் நகரத்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றிலேயே அக்கதை முதன்முதலில் வெளியாயிற்று. கையில் 1 டொலர் 87 சதம் மட்டுமே வைத்திருக்கும் ஏழை மனைவி, கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குவதற்காகத் தன் நீண்ட கூந்தலை விற்கிறாள். கணவனோ அவள் கூந்தலுக்கு அழகிய சீப்புகள் வாங்குவதற்காகத் தன் கடிகாரத்தையே விற்றுவிடுகிறான். இருவரும் ஒருவர்க்கொருவர் சொல்லவில்லை. இரு பரிசுகளும் பயனற்றுப் போயின. ஆயினும் அவர்களின் அன்பை நினைந்து உலகம் கண்ணீர் விடுகிறது. நானும் பள்ளி மாணவியாக இருந்தபோது அக்கதையைப் படித்து அழுதவளே.

அன்புக்குச் சான்று தேடினால் அக்கதை நல்ல சான்றுதான். ஆனால் நாம் ஆண்டுதோறும் கொடுக்கும் பரிசுகள் எல்லாம் அத்தகையவையா? ஜோயல் வால்ட்போகல் என்னும் பொருளியல் அறிஞர், யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர்கள் பெற்ற நத்தார்ப் பரிசுகளைப் பற்றி வினவி, 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். “இப்பொருளின் விலை என்னவாக இருக்கும்? நினைவுப் பெறுமதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உமக்கு இது எவ்வளவு பெறும்?” என்பது அவர் வினா. பரிசுகளின் பெறுமதியிற் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை வீணாகின்றது என்பது அவர் கண்ட முடிவு. நண்பரும் துணைவரும் தந்த பொருள்களில் இழப்புக் குறைவு; விரிந்த குடும்பத்து உறவினர் தந்தவற்றில் மிகுதி. அன்பைக் காசினால் அளக்கலாகாது என்று நீங்கள் கூறுவது என் காதில் விழுகிறது. அவரும் அன்பின் பெறுமதியை ஒதுக்கிவிட்டே கணக்கிட்டார். ஆயினும் உங்கள் அலுமாரியின் மேற்தட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். கணக்கு அங்கேயும் இருக்கும்.

என் வீட்டிலும் அப்படியோர் அலுமாரி இருந்தது. அது என் தாயாருடையது.

அவர் தம் இறுதிக் காலத்தை என்னுடனேயே கழித்தார். என் கணவருக்குப் பண்டாரவளையில் உத்தியோகம். நானும் அங்கே ஒரு பாடசாலையில் ஆசிரியையாகக் கடமையாற்றினேன். தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் எது வந்தாலும், “அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பேன். “எனக்கு ஒன்றும் வேண்டாம் பிள்ளை. நீங்கள் நன்றாக இருந்தாற் போதும்” என்பதே விடை. என்றைக்காயினும் வேறு விடை நான் கேட்டதில்லை. ஆகவே சேலை வாங்குவேன். வேறென்ன வாங்குவது? 2004ஆம் ஆண்டில் அவர் காலமான பின்னர் அலுமாரியைத் திறந்தபோது, கடை மடிப்புக் கலையாத சேலைகள் எட்டு இருந்தன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன். ஆறு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் இத்தாய்க்கு என்ன பிடிக்குமென்று நான் அறியவில்லையே என்ற எண்ணம் என்னை வாட்டியது.

என் தமக்கையாரோ அதனை அறிந்திருந்தார். அதுவே என் வருத்தத்துக்கு மேலும் ஒரு காரணம். 1998ஆம் ஆண்டு மார்கழியில் அவர் கனடாவிலிருந்து அனுப்பிய பொதியில், அம்மாவுக்கென்று சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒரு சோடி இருந்தது. அம்மா அதனை அன்றே அணிந்துகொண்டார். அக்குளிர்காலம் முழுவதும் கழற்றவேயில்லை. தேய்ந்து குதிக்காலில் ஓட்டை விழுந்தபோது தாமே நூல்கொண்டு தைத்துப் போட்டுக்கொண்டார். “ஏழு கடலுக்கு அப்பாலிருந்து அக்காவுக்குத் தெரிந்தது, அடுத்த அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லையே” என்று நான் எண்ணாத ஆண்டில்லை. அக்காவின்மேல் அன்பும் இருந்தது. அதனடியிற் சிறு பொறாமையும் இருந்தது.

நிற்க. பேர்த்தியின் கட்டளைக்கு வருவோம்.

ஒருநாள் மாலை, தாளும் பேனாவுமாக அமர்ந்தேன். ‘ஒன்று’ என்று இலக்கமிட்டேன். எழுத ஒன்றும் தோன்றவில்லை! பிள்ளைகளுக்கு என்ன வேண்டும், கணவருக்கு என்ன வேண்டும், அயல்வீட்டு அம்மாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் நொடியில் எழுதியிருப்பேன். எனக்கு என்ன வேண்டும்? அரைமணி நேரம் யோசித்து, “நல்ல மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று” என்று எழுதினேன். பின்னர், “சுவரில் மாட்டத் தமிழ் நாட்காட்டி” என்று எழுதினேன். அதற்குமேற் பேனா ஓடவில்லை. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்குத் தன் விருப்பங்களில் மூன்றாவது எதுவென்று தெரியவில்லை! “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று அம்மா சொன்னதையே இத்தனை ஆண்டுகளும் நானும் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளைகளும் எனக்குச் சேலைதான் வாங்கித் தருகிறார்கள்.

மறுநாள் மூன்றாவது விருப்பம் தானே வந்தது. தொண்ணூறுகளிலே வெளிநாட்டு உறவினருக்குக் கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவிற் பேசிப் பதிந்து அனுப்பும் வழக்கம் நம் வீடுகளிலே இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மாவும் அக்காவுக்கு அவ்வாறு ஒன்றிரண்டு அனுப்பியிருந்தார். என்னிடம் அம்மாவின் படங்கள் உண்டு; குரல் இல்லை. “அம்மாவின் குரல். அக்காவிடம் பழைய ஒலிநாடா ஏதேனும் இருந்தால், அதன் பிரதி” என்று எழுதினேன். இருபது ஆண்டுகளாக என் உள்ளத்தில் இருந்த ஆசை அது. அக்காவிடம் ஒருநாளாயினும் சொன்னேனா என்றால் இல்லை. ஏன் சொல்லவில்லை? “அவளுக்கு ஆயிரம் வேலை, இதையெல்லாம் எங்கே தேடுவாள்” என்று நானே அவர் சார்பில் விடையும் சொல்லிக்கொண்டேன்.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னதாக என் கைப்பேசியில் அது வந்து சேர்ந்தது. ஒலிநாடா அக்காவின் மேசை இழுப்பறையிலேயே இத்தனை காலமும் கிடந்ததாம். பேர்த்தியும் அவளுடைய தந்தையாருமாகச் சேர்ந்து அதனைப் பிரதி செய்தார்களாம். ஒரு சதமும் செலவில்லை. “நீ கேட்டிருந்தால் எப்பொழுதோ அனுப்பியிருப்பேனே, ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?” என்று அக்கா தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்டார்.

அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியே கேட்டேன். 1998ஆம் ஆண்டு ஐப்பசியில், நான் பாடசாலைக்குச் சென்றிருந்த வேளையில் அம்மா பேசிப் பதிந்தது. ஊர்ப் புதினம், உறவினர் நலம், பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சொல்லி முடித்தபின், குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் கூறினார்: “இஞ்சை குளிருக்குக் கால் விறைக்குது பிள்ளை. ஒரு சோடி கம்பளி மேசு அனுப்பிவிடு. இவளிட்டைச் சொன்னால் உடனை கடைக்கு ஓடுவாள். பாவம், அவளுக்கும் மாதக் கடைசி கஷ்டம். நான் கேட்டதெண்டு இவளுக்குச் சொல்லிப்போடாதை.”

சகோதரிகளே, அக்காவுக்கு ஞானதிருஷ்டி ஏதும் இருக்கவில்லை. அம்மா சொன்னார், அக்கா அனுப்பினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் வியந்ததும் பொறாமைப்பட்டதும் இவ்வளவே!

அம்மா என்னிடம் சொல்லாதது என்மேற் கொண்ட அன்பினாலேயே என்பதை உணர்கிறேன். என் கைச்செலவைக் குறைக்க எண்ணியே அவர் குளிரைத் தாங்கினார். ஆயினும் ஒன்று கூறுவேன். ஒரு சோடிக் காலுறையின் விலையை எனக்கு மிச்சப்படுத்தி, அதனைத் தம் பாதங்களில் நானே அணிவிக்கும் பேற்றை எனக்குத் தராமற் போய்விட்டார். கடை மடிப்புக் கலையாத எட்டுச் சேலைகளின் விலையில் எத்தனை சோடிக் காலுறைகள் வாங்கியிருக்கலாம்! ‘ஒன்றும் வேண்டாம்’ என்பது தியாகம் போலத் தோன்றுகிறது. கேட்பவருக்கோ அது சாத்திய கதவாகிவிடுகிறது.

தொலைவிலுள்ளவரிடம் மனம் திறப்பது எளிதாகவும், அருகிலுள்ளவரிடம் அரிதாகவும் இருப்பதன் காரணமும் இதனால் எனக்கு ஒருவாறு விளங்கிற்று. அருகிலிருப்பவரின் கஷ்டம் நமக்குத் தெரியும். அவர் முகம் சுருங்குமோ என்று அஞ்சுகிறோம். முகம் பாராத நண்பர்கள் ஒருவர்க்கொருவர் விருப்பப் பட்டியல் பகிர்ந்துகொள்வதும் அந்த அச்சம் இல்லாமையினாலேயே போலும்.

ஆனால் அந்த அச்சத்துக்கு உண்மையில் அவ்வளவு இடமில்லை என்று ஆராய்ந்து கூறியோரும் உளர். பிரான்சிஸ் பிளின், வனெசா லேக் என்னும் அறிஞர் இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றிலே, முன்பின் அறியாதவர்களிடம் சிறு உதவிகள் கேட்கும்படி சிலரை அனுப்பினர். வினாத்தாள் ஒன்றை நிரப்பித் தருமாறு கேட்பது அவ்வுதவிகளுள் ஒன்று. ஐந்து பேர் இசைய வேண்டுமாயின் எத்தனை பேரிடம் கேட்க நேரிடும் என்று முதலில் அவர்களையே மதிப்பிடச் செய்தனர். ஏறத்தாழ இருபது பேர் என்றனர். உண்மையிற் பத்துப் பேரளவிற் கேட்டதுமே ஐவர் கிடைத்துவிட்டனர்! கேட்டால் மறுப்பார்கள் என்ற நம் பயம் உண்மையைவிட இருமடங்கு பெரிது. அந்நியரே இவ்வாறாயின், நம்மை நேசிப்போர் எப்படியிருப்பர்!

நம் வள்ளுவப் பெருந்தகையும் இதனை அறியாதவரல்லர். திருக்குறளில் இரவச்சம் என்றோர் அதிகாரம் உண்டு. அதற்கு முன்னதாகவே இரவு என்ற அதிகாரமும் உண்டு. கேட்க அஞ்சுவதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, மற்றதை மறந்துவிட்டோம். கனவிலும் ஒளித்து வைக்க அறியாதவரிடம் சென்று கேட்பது, கேட்பதன்று, கொடுப்பதற்கே ஒப்பாகும் என்ற கருத்தை அவர் அங்கே கூறுகிறார். என் தமக்கையாருக்கு நான் ஒரு விருப்பத்தைச் சொன்னேன். அதனால் அவருக்கு ஒரு மகிழ்ச்சியைக் கொடுத்தேன். அக்கா தொலைபேசியில் அழுததும் சிரித்ததும் அதற்குச் சாட்சி.

இப்படிச் சொல்வதால், எல்லாப் பட்டியலும் நன்று என்று கொள்ளற்க. சீதனப் பட்டியலுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை. அங்கே மறுக்க உரிமையில்லை. இங்கே மறுக்கும் உரிமையே அடிப்படை. கொடாதவர்மேல் மனத்தாங்கல் எழுமாயின், அது விருப்பப் பட்டியலன்று, கட்டளைப் பத்திரமே. கேட்பதற்கும் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று இப்பொழுது எனக்குத் தெளிவாகிறது.

எழுதிப் பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு என் சிற்றனுபவத்திலிருந்து சில சொற்கள். விலையுயர்ந்த பொருளோடு விலையற்றவற்றையும் எழுதுங்கள். ஒருநாட் சமையலிலிருந்து ஓய்வு, பழைய படம் ஒன்றின் பிரதி, ஒரு கடிதம், ஒரு கோயிலுக்குத் துணை என்பன பொருள்களைவிட இனியவை. வருவாய் குறைந்தோரும் கொடுக்கக் கூடியவை. எழுதுவதைத் தெளிவாக எழுதுங்கள்; சப்பாத்தின் அளவைக் குறித்த என் பேர்த்தியைப் பின்பற்றுங்கள். நடவாததென்று தெரிந்த ஒன்றையும் எழுதுங்கள். வீட்டாருக்குச் சிரிக்க ஒரு யானையாவது வேண்டாமா? முக்கியமாக, உங்களுடையதைக் கொடுக்கும்போதே மற்றவருடையதையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களிடமே முதலிற் கேளுங்கள். “ஒன்றும் வேண்டாம்” என்பார்கள். அங்கே நிறுத்திவிடாதீர்கள். அருகே அமர்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். நான் செய்யத் தவறியது அது.

பேர்த்திக்கு வர்ணப் பெட்டி அனுப்பினேன். அவளுடைய ஒன்பதாவது விருப்பத்துக்காக, எட்டு வயதில் அயல்வீட்டு மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுத கதையை நான்கு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். வர்ணப் பெட்டியைப் பற்றி ஒரு வரி நன்றி வந்தது. மாமரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள் வந்தன.

இறுதியாக ஒன்று. என் கணவரிடமும் பட்டியல் கேட்டேன். “எனக்கென்ன, ஒன்றும் வேண்டாம்” என்றார், எதிர்பார்த்தபடியே. தாளையும் பேனாவையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாட்கள் அது வெறுமையாகவே கிடந்தது. நான்காம் நாட்காலை ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: “ஞாயிற்றுக்கிழமைகளிற் பத்திரிகையை முதலில் நான் வாசிக்க வேண்டும்.”

முப்பத்தெட்டு ஆண்டுகளாக நானே அதை முதலில் எடுத்துவந்தேன். அவருக்கு அது குறையாக இருந்ததென்று எனக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இக்கட்டுரை இன்று அச்சில் வந்திருப்பதை என் வீட்டில் முதலிற் பார்ப்பவர் அவராகவே இருப்பார்.